டிக் போடும் நாள்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
ராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும் இந்தத் தாள்கள்.
ஆளுக்கு ஒரு தாள். தாளுக்கு இரண்டு கட்டம்.
ஒன்றில்தான் டிக்.
போட்ட பிறகு மாற்றக் கூடாதென்று
அடியில், எறும்பு எழுத்தில்.

கட்டம் அ:
நாம் பழக்கிவிட்ட ஆள்
ஒன்பது மாதம் விடாமல் சம்பளம் வாங்கினால்
செலவழித்தது அத்தனையும் திரும்ப வரும்,
ஊன்றுகோல், சைகை டீச்சர், மதியச் சோறு வரைக்கும்.
எட்டு மாதம் இருபத்தொன்பது நாளில் நின்றால்
ஒரு பைசா இல்லை.

கட்டம் ஆ:
முதல் சம்பளத்துக்குக் கொஞ்சம்,
மூன்றாவதுக்குக் கொஞ்சம்,
ஆறாவதுக்கு இன்னும் கொஞ்சம்.
கூட்டினால் செலவில் பாதி தேறாது.
ஆனால் வந்தது வந்ததுதான்.

மண்டபத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
கால்குலேட்டர் வெயிலில் ஓடும் ரகம்,
ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டேன்.
உப்புக் காற்று தின்ற ஏழு
இரண்டு முறை அழுத்தினால்தான் விழும்.

சீனி நெய்னா, கீழக்கரை.
சங்கு குளிக்கப் போய் அவசரமாய் மேலே வந்தவர்.
இடுப்புக்குக் கீழே கடல் இன்னும் வடியவில்லை என்பார்.
இப்போது படகு எஞ்சின் பார்க்கிறார்,
சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லி.
ஒன்பது மாதமென்ன, ஒன்பது வருடம் உட்காருவார்.
அ. பேனா தயங்கவில்லை.

ஜெரோன், தங்கச்சிமடம். காது கேளாது.
ஐஸ் கம்பெனி முதலாளியோடு எழுதியே சண்டை போடுகிறவன்,
தீப்பெட்டி அட்டையில், பில் புத்தகத்தில்,
ஒருமுறை ஐஸ் கட்டியிலேயே, ஆணியால்.
கோபம் வந்தால் கொச்சிக்கு ரயிலேறிவிடுவான்.
ஆ.

நிர்வாகி சொல்லிவிட்டுப் போனார்:
"ஆளைப் பாத்துப் போடுங்க.
போன வருசம் பதினோரு பேருக்கு அ போட்டோம்,
நாலு பேருக்குத்தான் வந்துச்சு.
வேன் டயர் இன்னும் மாத்தல."
உண்மைதான். அந்த டயர் இல்லாமல்
உச்சிப்புளியிலிருந்து ஒருவரும் வர முடியாது.

மூன்றாவது தாள்
காலையிலிருந்து மேசையில் கிடக்கிறது.

களஞ்சியம், வேதாளை.
கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்.
நண்டு கம்பெனியில் சதை பிரிக்க எடுத்திருக்கிறார்கள்.
சோதனை நாளில்,
விளக்கடியில் உட்கார்ந்த ஆறு பேர் விட்டுவிட்ட
ஓட்டுத் துணுக்கை, கடுகில் பாதி,
அவள் விரல் பிடித்து நிறுத்தியது.

ஏப்ரல் பதினைந்தானால் விசைப்படகுகள் கரையில்.
அறுபத்தொரு நாள்.
கம்பெனி பாதி மேசையை மூடும்.
முதலில் யார் மேசை என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
"விடாமல்" என்று எழுதியவர் ஊரில்
மீன்கள் முட்டையிடுவதில்லை போலும்.

மனசுக்குள் ஆ போட்டு வைத்திருந்தேன்.
செவ்வாய்க்கிழமை பஸ் பாஸ் கையெழுத்துக்கு வந்தவள்
"எனக்கு எதுல போட்டிருக்கீக?" என்றாள்.
யார் சொன்னார்களோ.
"இன்னும் போடல."
"ஆ-ன்னா பாதியில நின்னுருவேன்னு அர்த்தமாமே?"
"அப்பிடியில்ல. அது கணக்கு."
"கணக்கத்தான் கேக்குறேன்."

நாள்காட்டியை அப்புறம்தான் எடுத்தேன்.
கம்பெனிக் கடிதத்தில் ஆகஸ்ட் ஒன்று.
ஒன்பது முடிய ஏப்ரல் முப்பது.
பதினைந்து நாள் குறைகிறது.
சூப்பர்வைசர் பொன்னழகுக்குப் போன் போட்டேன்.
ஜூலையிலேயே எடுத்துக்க முடியுமா?
என்ன அவசரம் என்றார்.
கட்டத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
அவசரம்தான் என்றேன்.
நண்டு வரத்து இருந்தா ஆறாம் தேதி வரச் சொல்லுங்க என்றார்.

இருந்தால்.
ஏப்ரல் ஐந்தில் முடியும், பத்து நாள் மிச்சம்.
நடுவில் கார்த்திகை இருக்கிறது.
புயல் ஒரு வாரம் நின்றால் தாங்கும்,
பத்து நாளானால் அந்த மாதச் சம்பளம்
வரம்பைத் தொடாது.
அதற்குக் கால்குலேட்டரில் பொத்தான் கிடையாது.

அ.

கரண்ட் வந்துவிட்டது.
ஃபேன் சுற்ற, மேல் தாள் எழும்பியது,
கையை வைத்து அமுக்கினேன்.
களஞ்சியம் தடவிப் பார்த்தால் தெரியும்,
பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு
பேனாவை அழுத்தியிருக்கிறேன்.